உச்சிவெயிலில் லால்பாக்

லால்பாக் தோட்டத்தைப் பார்க்க வேண்டுமென்றால் ஜனவரியில் வா, தவறினால் ஆகஸ்டில் வா என்பார்கள் பெங்களூர்க்காரர்கள். குடியரசு தினத்தையும் சுதந்திர தினத்தையும் ஒட்டி நடக்கும் மலர்க்காட்சிகளைச் சொல்கிறார்கள். இரண்டுக்கும் போயிருக்கிறேன். கண்ணாடி மாளிகைக்குள் ரோஜாவால் கட்டிய கோபுரமோ மாளிகையோ இருக்கும். அதைச் சுற்றித் தூக்கிப் பிடித்த செல்பேசிகள் இருக்கும். நமக்கு நேர் எதிரே, முன்னால் நிற்பவரின் பிடரி இருக்கும். பூவைப் பார்த்தாயா என்று வீட்டில் கேட்டால், பக்கத்தில் நின்றவரின் செல்பேசித் திரையில் பார்த்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். என்னைக் கேட்டால் ஏப்ரலில் போக வேண்டும், அதுவும் பகல் பன்னிரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில். எந்தச் சுற்றுலாக் கையேடும் சொல்லாத நேரம் அது. காட்டுவதற்கு வைத்தது எது, மனிதர் இருப்பதற்கு வைத்தது எது என்று அந்த மூன்று மணி நேரத்தில்தான் பிரிந்து தெரியும்.

பெங்களூரில் என்ன பெரிய வெயில் என்று வேலூர்க்காரர்கள் சிரிப்பார்கள். நானும் அந்தப் பக்கத்து ஆள்தான். கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கும் மேலே இருக்கிற ஊர் இது. 2016 ஏப்ரல் 24 அன்று 39.2 டிகிரி அடித்தபோது செய்தித்தாள்கள் முதல் பக்கத்தில் அலறின. எங்கள் ஊரில் அக்னி நட்சத்திரத்தில் அப்படி ஒரு நாள் வந்தால் இன்றைக்குப் பரவாயில்லை என்போம். ஆனால் எங்கள் ஊர் வெயிலோடு குடும்பம் நடத்திப் பழகிய ஊர். பதினொரு மணிக்குள் வெளிவேலையை முடித்துக்கொள்ளும், வாசலில் கீற்றுப் பந்தல் போடும், முக்கு முக்குக்கு மோர்ப்பானை வைக்கும். பெங்களூருக்கு அந்தச் சாமர்த்தியம் இன்னும் வரவில்லை. மின்விசிறிகூட இல்லாமல் ஒரு தலைமுறை வாழ்ந்த வீடுகளில் இப்போது ஏசி மாட்டுகிறார்கள். அந்த ஏசி வெளியே தள்ளும் அனலைத் தெருவில் போகிறவர் வாங்கிக்கொள்கிறார். அப்படிப்பட்ட தெருவிலிருந்துதான் 240 ஏக்கர் தோட்டத்துக்குள் நுழைகிறோம்.

நுழைவதில் ஒரு வேடிக்கை உண்டு. நான் போய்வந்த நாட்களில் காலை ஒன்பது மணிவரை டிக்கெட் கிடையாது. நடைப்பயிற்சிக்காரர்களுக்கான சலுகை. ஜெயநகர், பசவனகுடி பக்கத்து வீடுகளிலிருந்து வருகிறவர்கள் வெள்ளை ஷூ போட்டுக்கொண்டு ஏரியைச் சுற்றிவிட்டு, வெயில் ஏறுவதற்குள் எம்.டி.ஆர் ஓட்டலில் ஒரு காப்பியைக் குடித்துவிட்டு வீடு திரும்பிவிடுவார்கள். ஒன்பதுக்கு மேல் வருகிறவர்கள் காசு கொடுக்க வேண்டும். நிழல் தேவைப்படாத நேரம் இலவசம், தேவைப்படும் நேரத்துக்குக் கட்டணம். யாரும் உட்கார்ந்து யோசித்து இப்படிச் செய்திருக்க மாட்டார்கள். ஆனால் ஒரு தோட்டம் யாரை மனத்தில் வைத்து நடக்கிறது என்பது இப்படி யோசிக்காமல் செய்த காரியங்களில்தான் வெளிப்படும்.

உள்ளே போனதும் முதலில் கண்ணில் படுவது புல்வெளிகளின் வெறுமை. கத்தரித்து, தண்ணீர் காட்டி, ‘புல்லை மிதிக்காதீர்’ பலகை நட்டு வளர்க்கும் பச்சை. அந்தப் பலகைக்கு அந்த நேரத்தில் வேலையே இல்லை. காசு கொடுத்தாலும் யாரும் போய் நிற்க மாட்டார்கள். மலர்ப்பாத்திகளின் ஓரத்தில், பாத்தியைப் பார்த்தபடி போட்ட பெஞ்சுகளும் காலி. சிமெண்டு பெஞ்சு, கிரானைட் பெஞ்சு எல்லாம் தோசைக்கல்லாகக் கிடக்கின்றன. கூட்டமே இல்லையோ என்று நினைத்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் உள்ளே போனால் ஜனங்கள் எங்கே என்று தெரிகிறது. மாமரங்களுக்குக் கீழே, தூங்குமூஞ்சி மரங்களுக்குக் கீழே, மூங்கில் புதர் ஓரம், ஏரிக்கரையின் மேற்குச் சரிவில். பெஞ்சு இருக்கிற இடத்தில் இல்லை, மண்ணில். துண்டு விரித்து, செய்தித்தாள் விரித்து, ஒன்றும் விரிக்காமல். டெலிவரி வேலை பார்க்கும் பையன்கள் ஹெல்மெட்டைத் தலைக்கு வைத்துப் படுத்திருக்கிறார்கள். ஒரே குடைக்குள் முகத்தை மறைத்துக்கொண்ட ஜோடிகளுக்கு நிழலைத் தவிர வேறு தேவையும் இருக்கிறது. நாம் அந்தப் பக்கம் பார்க்க வேண்டாம்.

ஏரிப்பக்கத்து ஒரு பெஞ்சில் நான் உட்காரப் போனபோது, சருகு பெருக்கிக்கொண்டிருந்த அம்மாள் ஒருவர் துடைப்பத்தை நிறுத்திவிட்டுச் சொன்னார்: “அங்க குந்தாதீங்க சார், சுடும். இப்பிடி மரத்தாண்ட வாங்க.”

முகத்தைப் பார்த்தே தமிழ் என்று கண்டுகொண்டிருக்கிறார். எந்த ஊர் என்று கேட்டார். குடியாத்தம் பக்கம் என்றேன்.

“எங்களுக்கு ஊருன்னா இதான் சார். எங்கப்பாவும் இங்க மாலி வேலைதான். அவரு பர்மனெண்டு. நான் காண்ட்ராக்டு.”

“எந்த மரத்துக்குக் கீழம்மா சில்லுனு இருக்கும்?”

இப்படியும் ஒரு கேள்வியா என்பதுபோல் பார்த்தார். “ஹொங்கே மரம்தான். அதோ பாருங்க, எல்லாம் அங்கதான் படுத்துங்கீறாங்க. சாப்பாட்டுக்கு நாங்களும் அங்கதான்.” பூச்செடிகளைப் பற்றிக் கேட்டேன். “அது ஜனங்க பாக்கறதுக்கு சார்” என்று சொல்லிவிட்டு மறுபடி பெருக்க ஆரம்பித்தார்.

ஹொங்கே என்று கன்னடத்தில் சொல்வது நம் புங்கம். அந்த அம்மாள் காட்டிய திசையில் போய்ப் படுத்துக்கிடந்தவர்களுக்கு நடுவே நானும் ஓரிடம் பிடித்தேன். நான் இந்தக் கட்டுரையில் சொல்ல வந்ததெல்லாம் ஏறக்குறைய அந்த மரத்தடியிலேயே இருக்கிறது.

மரங்கள் இலை உதிர்க்கும் காலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பெங்களூர் தன் பூமரங்களுக்குப் பேர்போன ஊர். பிப்ரவரி, மார்ச்சில் டபேபுயா என்கிற மரம் இளஞ்சிவப்பாகப் பூத்து மெட்ரோ தூண்களை மறைக்கும். பின்னாலேயே ஜக்கரண்டா ஊதாவில் வரும். அதற்குப் பிறகு பெருங்கொன்றையின் மஞ்சள், செம்மயிற்கொன்றையின் சிவப்பு. இது தானாக அமைந்ததல்ல. 1908இல் லால்பாக்கின் பொறுப்பேற்று 1932வரை இருந்த ஜெர்மானியர் கிரும்பீகல் வகுத்த திட்டம். டிரெஸ்டன் பக்கம் பிறந்து, லண்டன் கியூ தோட்டத்தில் வேலை கற்று, பரோடா மன்னரிடம் தோட்டக்கலை பார்த்துவிட்டு மைசூர் சமஸ்தானத்துக்கு வந்தவர். ஆண்டின் எந்த மாதத்தில் பார்த்தாலும் ஊரின் ஏதாவது ஒரு தெருவில் ஏதாவது ஒரு மரம் பூத்திருக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. ஒன்று முடியும்போது இன்னொன்று தொடங்கும்படி மரங்களைத் தேர்ந்து நட்டார். ஒரு நகரம் முழுவதையும் நாட்காட்டியாக்கிய காரியம் அது, அதில் சந்தேகமில்லை. மார்ச் மாதத்தில் பெங்களூர்த் தெருவில் நடந்து போகிற எவரும் அந்த மனிதருக்கு மனத்துக்குள் ஒரு வணக்கம் வைக்கலாம்.

ஆனால் டபேபுயா பூக்கும்போது அதில் இலை இருக்காது. ஜக்கரண்டாவும் பெரும்பாலும் அப்படித்தான். இலையை உதிர்த்து வெறும் கிளையாக நின்றுதான் அவை பூத்துத் தள்ளுகின்றன. இலை மறைக்காததால்தான் அந்தப் பூவுக்கு அவ்வளவு எடுப்பு. செம்மயிற்கொன்றையும் கோடையின் முதல் பாதியில் நெற்றுக்களைத் தொங்கவிட்டுக்கொண்டு மொட்டையாக நிற்கும். துளிர்க்கும்போது வருவதும் வெயிலை வடிகட்டத் தெரியாத பொடி இலை. அதாவது ஊருக்கு நிழல் மிகவும் வேண்டியிருக்கும் வாரங்களில் ஊரின் மிக அழகான மரங்கள் நிழல் தருவதில்லை. அழகும் நிழலும் ஒரே மாதத்தில் ஒரே கிளையில் வர முடியாமல் போய்விட்டது.

புங்கத்தின் சுபாவம் வேறு. அதுவும் இலை உதிர்க்கும், ஆனால் மாசி பங்குனியிலேயே அவசரமாக உதிர்த்து முடித்துவிடும். வெயில் ஏறத் தொடங்கும் நேரத்தில் செம்புநிறத் தளிர் விட்டு, சில நாட்களில் பளபளக்கும் பச்சையாகி, சித்திரை பிறக்கும்போது கிளை தெரியாமல் அடர்ந்து நிற்கும். பூவும் உண்டு. இலைக்கு நடுவே சின்னச் சின்னதாக, வெள்ளையும் இளஊதாவும் கலந்த பூ. மரத்தில் பார்த்தால் கண்ணிலேயே படாது. தரையில் உதிர்ந்த பிறகுதான் பூத்ததே தெரியும். நான் உட்கார்ந்திருந்த இடம் முழுக்க அந்தப் பூதான். பக்கத்தில் படுத்திருந்த பையனின் தலைமுடியிலும் திறந்த வாயின் ஓரத்திலும் இருந்தது. தேனீக்களுக்கு மட்டும் மேலே ஓயாத வேலை. மலர்க்காட்சிக்கு யாரும் புங்கம்பூவைக் கொண்டுபோக மாட்டார்கள். நம் ஊர்களில் ஏரிக்கரையிலும் கிணற்றுமேட்டிலும் களத்தோரத்திலும் புங்கம் நின்றதற்குக் காரணம் அழகு இல்லை. விதையில் விளக்கெரிக்க ஓர் எண்ணெய் உண்டு, தழை வயலுக்கு உரம், நிழல் மாட்டுக்கும் மனிதனுக்கும்.

மரநிழலும் கூரைநிழலும் ஒன்றல்ல என்பது எல்லோருக்கும் தெரியும், ஏனென்று யோசிப்பதில்லை. தகரக் கொட்டகைக்குக் கீழே நின்றாலும் வெயில் மேலே படாது. ஆனால் தகரம் சூடேறி, அந்தச் சூட்டைக் கீழே நம் தலைமேலேயே இறக்கும். இலை அப்படிச் சூடேறுவதில்லை. வேர் உறிஞ்சிய நீரை இலைத்துளைகள் வழியே ஆவியாக்கிக்கொண்டே இருப்பதால், கொளுத்தும் நேரத்திலும் அதன் வெப்பம் சுற்றியுள்ள காற்றின் வெப்பத்தை ஒட்டியே நிற்கும். அந்தக் காற்றும் ஈரப்பட்டுக் குளிர்கிறது. உள்ளங்கையைப் புங்கயிலையில் வைத்துப் பாருங்கள், அடுத்து பக்கத்திலிருக்கும் இரும்புக் கம்பியில் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே வெயிலில்தான் நிற்கின்றன. வேருக்குத் தண்ணீர் இருக்கும்வரைதான் இந்த வித்தை நடக்கும். காய்ந்துபோனால் மரம் துளைகளை மூடிக்கொள்ளும். 2024 கோடையில் ஆழ்துளைக் கிணறுகள் வற்றி இந்த ஊர் டேங்கர் லாரிகளின் பின்னால் ஓடியபோது மரங்கள் எதைக் குடித்தன என்று கேட்க யாருக்கும் நேரமில்லை.

புங்கம் நம்முடையது, டபேபுயா வெளியூரிலிருந்து வந்தது, ஆகவே இது நல்லது அது கெட்டது என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்த வகைத் தேசபக்தி மரங்களிடம் செல்லாது. லால்பாக்கில் அந்த மதியம் அதிகம் பேரைப் படுக்க வைத்திருந்தது தூங்குமூஞ்சி மரம். அது தென்னமெரிக்காவிலிருந்து வந்தது. ஏரிப்பக்கம், ஆள் உயரத்துக்குப் பலகை வேர் எழுப்பி நிற்கும் பிரம்மாண்டமான இலவம்பஞ்சு மரத்தின் இனம் அமெரிக்காவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் சொந்தம். என் வழக்கு தேசத்தைப் பற்றியதில்லை. பார்ப்பதற்கு நடுவது, தங்குவதற்கு நடுவது என்று இரண்டு வகை உண்டு, நம் பொதுத் தோட்டங்களில் முதல் வகைக்குத்தான் பணமும் பலகையும் பெஞ்சும் போகின்றன என்பதுதான் வழக்கு.

இதற்கு உச்சபட்ச சாட்சி கண்ணாடி மாளிகை. 1889 நவம்பர் 30 அன்று விக்டோரியா மகாராணியின் பேரன் ஆல்பர்ட் விக்டர் அடிக்கல் நாட்டியது. லண்டன் ஹைட் பூங்காவில் 1851இல் ஜோசப் பாக்ஸ்டன் எழுப்பிய பளிங்கு அரண்மனையின் சாயலில், வார்ப்பிரும்புச் சட்டமும் கண்ணாடியுமாகக் கட்டினார்கள். குளிர்நாட்டில் கண்ணாடி வீட்டுக்கு அர்த்தம் உண்டு. வெயிலை உள்ளே விட்டு, சூட்டை வெளியே விடாமல் பிடித்துவைத்து, பனிக்காலத்திலும் வாழையையும் பனையையும் உயிரோடு வைத்திருக்கும். அந்த வாழையும் பனையும் வெளியில் தாமாகவே வளரும் ஊரில் அதே வீட்டைக் கட்டினால் உள்ளே எதை வைப்பது? மாளிகையின் பக்கங்களைத் திறந்துவிட்டுக் கண்காட்சிக் கூடமாக்கினார்கள். அழகான கட்டடம்தான், மறுக்கவில்லை; அதன் இரும்பு வளைவுகளைப் பார்த்துக்கொண்டு நான் வெகுநேரம் நின்றிருக்கிறேன். ஆனால் அன்று மதியம் அதன் படிகளில் நின்றிருந்தவர்கள் புகைப்படம் எடுக்க வந்த ஒரு கல்யாண ஜோடி மட்டுமே. மாப்பிள்ளை கோட்டுப் போட்டிருந்தார். புகைப்படக்காரரின் உதவியாள் ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் போய் அவர் நெற்றியைத் துடைத்துவிட்டு வந்தான்.

பெரிய மனிதர்கள் நட்ட மரங்களின் கதையும் இதேதான். 1961இல் எலிசபெத் ராணி வந்து ஓர் அரோகேரியா நட்டுவிட்டுப் போனார். நம் ஆட்கள் கிறிஸ்துமஸ் மரம் என்று சொல்லும் ஊசியிலை ஜாதி அது. நெட்டுக்குத்தாக ஏறும், அடியில் விழுவது கோடு போன்ற நிழல். வேலியும் கல்வெட்டும் உண்டு. விருந்தினரிடம் ஒரு மாங்கன்றைக் கொடுத்து நடச் சொல்ல அன்றைக்கு எந்த அதிகாரிக்கும் தோன்றவில்லை. தோன்றியிருந்தால் இன்றைக்கு அறுபது வயது மரத்தின் கீழே ஒரு பள்ளிக்கூடத்தையே உட்கார வைத்திருக்கலாம்.

ஐதர் அலி 1760இல் இந்தத் தோட்டத்தைத் தொடங்கியபோது இவ்வளவு பிரிவினை இருந்ததாகத் தெரியவில்லை. சீராவிலிருந்த முகலாயத் தோட்டத்தைப் பார்த்து அதுபோல அமைத்தார் என்பது வரலாறு. அந்தத் தோட்ட மரபில் பழமரமும் நீரும் நிழலும் பூவும் ஒரே கட்டத்துக்குள் இருக்கும். மகன் திப்பு பாரசீகம், காபூல், மொரீஷியஸ் என்று பல இடங்களிலிருந்து செடியும் விதையும் தருவித்தார். அவர் காலத்தவை என்று காட்டப்படும் மாமரங்கள் சில இன்னும் நிற்கின்றன. தண்டு முண்டு முண்டாகத் தடித்து, பொந்து விழுந்து, ஒரு பக்கம் பட்டுப்போய், மறுபக்கம் காய்த்துக்கொண்டு. 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்ததும் தோட்டம் கிழக்கிந்தியக் கும்பினியார் கைக்குப் போனது. முதலில் பார்த்துக்கொண்டவர், தரங்கம்பாடிக்கு மிஷன் வழியாக வந்த ஜெர்மானியர் பெஞ்சமின் ஹெய்ன். 1856இல் அது அரசுத் தாவரவியல் தோட்டமானது. பயன்படும் செடிகளைக் கொண்டுவந்து பழக்கிப் பார்க்கும் சோதனைக்கூடமாக நெடுங்காலம் இருந்தது. 1874 முதல் 1908வரை பொறுப்பிலிருந்த ஜான் கேமரன் காலத்தில்தான் சௌசௌ இந்தப் பக்கம் பரவியது என்பார்கள். நம் வீட்டுக் கூட்டில் கிடக்கும் பெங்களூர் கத்திரிக்காய் அதுதான். சாப்பாட்டுத் தட்டுவரை நீண்ட தோட்டம் என்கிற வகையில் அந்தக் காலத்தின்மேல் எனக்கு மரியாதை உண்டு.

தோட்டம் போட்டவர்களின் பெயர்களைச் சொல்லும் புத்தகங்கள், மண்ணைக் கொத்தியவர்களை ஒரு வரியில் கடந்துவிடும். லால்பாக்கைச் சுற்றித் தலைமுறை தலைமுறையாகத் தோட்ட வேலையில் இருந்தவர்கள் திகளர்கள். வன்னிகுல க்ஷத்ரியர் என்றும் தங்களைச் சொல்லிக்கொள்வார்கள். தமிழ்நாட்டிலிருந்து வந்த முன்னோர். வீட்டில் தமிழும் கன்னடமும் கலந்த பேச்சு. சைத்ர மாதப் பௌர்ணமியில், அதாவது இதே கோடையில், திகளர்பேட்டை தருமராயர் கோயிலிலிருந்து அவர்கள் எடுக்கும் கரகம் இரவெல்லாம் ஊர் சுற்றி வரும். பெண்கோலம் பூண்ட பூசாரி தலையில் மல்லிகை மூடிய கரகம். வந்திறங்குவது திரௌபதி. செஞ்சி, ஆற்காடு பக்கம் திரௌபதி அம்மனுக்குத் தீமிதி எடுப்பவர்களுக்கு இதில் எதுவும் புதிதாக இருக்காது. ராஜாவும் கும்பினியும் மாறினார்கள், கியூவிலிருந்து ஆள் வந்தான், போனான். பாத்தி கட்டி நீர் பாய்ச்சிய கை மாறவில்லை. இப்போதுதான் மாறுகிறது, காண்ட்ராக்டுக்கு.

புங்கத்தடியில் எனக்குப் பக்கத்தில் ஒரு குடும்பம் இருந்தது. தர்மபுரிப் பக்கம். வயதான கணவர், மனைவி, மருமகள். பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கிறார்கள், மூன்றரை மணிக்கு டோக்கன். ஆஸ்பத்திரி வராண்டாவில் உட்கார இடமில்லை, ஓட்டலில் உட்கார்ந்தால் சாப்பிட வேண்டும், பஸ் ஸ்டாண்டில் அனல். யாரோ இங்கே போகச் சொல்லியிருக்கிறார்கள். வயர்கூடையிலிருந்து புளிச்சோற்றை எடுத்துப் பிரித்து, இலைத் துண்டில் எனக்கும் கொஞ்சம் வைத்தார் அந்த அம்மாள். வேண்டாம் என்று சொல்ல முடிகிற தொனியில் அவர் கேட்கவில்லை. ஸ்கேன் படம் வைத்த பெரிய கவரால் கணவருக்கு விசிறிக்கொண்டே இருந்தார். சிறிது நேரத்தில் பெரியவர் தூங்கிப்போனார். விசிறுவது நிற்கவில்லை.

“ஊர்ல நம்ம கெணத்துமேட்டுல இதே மரம் இருக்குதுங்க தம்பி. அங்கன்னு நெனச்சித்தான் தூங்கறாரு” என்றார்.

பெங்களூரின் சிறிய பூங்காக்கள் நெடுங்காலம் காலை பத்து மணிக்கு மூடிப் பிற்பகலில்தான் திறந்துகொண்டிருந்தன. நாள் முழுக்கத் திறந்துவைக்க உத்தரவு வந்தது 2024இல்தான். மூடியதற்குச் சொல்லப்பட்ட காரணங்கள் நமக்குத் தெரிந்தவையே: காதலர்கள் வருகிறார்கள், குடிகாரர்கள் வருகிறார்கள், சோம்பேறிகள் வந்து தூங்குகிறார்கள். நம் ஊர்ப் பூங்காக்களிலும் மத்தியானப் பூட்டைப் பார்த்திருக்கிறேன். கம்பிக்கு அந்தப் பக்கம் வேப்பமரம், இந்தப் பக்கம் பிளாட்பாரத்தில் தள்ளுவண்டிக்காரர். தூங்க வருகிறவனைக் குற்றவாளியாகப் பார்க்கும் ஒரு தோட்டக்கலை நம்மிடம் இருக்கிறது. விடியற்காலை கட்டட வேலைக்குப் போய் உச்சியில் ஒரு மணி நேரம் சாய இடம் தேடுகிறவனுக்கு அது என்ன பெயர் வைத்திருக்கிறது என்பது வாசலில் தொங்கும் விதிமுறைப் பலகையில் தெரியும்.

மூன்று மணிக்கு எழுந்து பாறைமேல் ஏறினேன். கெம்பகௌடர் கோபுரம் நிற்கும் பாறை. தீபகற்ப நைஸ் என்று புவியியலாளர்கள் சொல்லும் இனம், 300 கோடி ஆண்டுப் பழசு. அதைச் சொல்லும் கல்வெட்டும் அங்கே இருக்கிறது. செருப்பைத் தாண்டிச் சுட்டது. காலையிலிருந்து வாங்கிய வெயிலைப் பாறை இரவுவரை வைத்திருந்து கொடுக்கும். மேலேயிருந்து பார்த்தால் நான்கு பக்கமும் கட்டடம், நடுவே இந்தப் பச்சை. பச்சைக்குள்ளும் இரண்டு பச்சை: வெளிறிய புல்வெளிகள், அவற்றுக்கிடையே கருத்த திட்டுகளாக மரக்கூட்டம். ஜனங்கள் எல்லாம் கருத்த திட்டுகளுக்குள். லால்பாக்கில் கல்லான மரம் ஒன்றும் வைத்திருக்கிறார்கள், விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரையிலிருந்து வந்தது, 2 கோடி ஆண்டு வயது. அதைத் தொட்டுப் பார்த்தேன். அதுவும் சுட்டது.

ஊருக்குத் திரும்பும் பஸ் ஓசூர் தாண்டி ஆறுவழிச் சாலையில் ஏறியது. இந்தச் சாலையில் ஒரு காலத்தில் இரண்டு பக்கமும் புளியமரம். ஆண்டுதோறும் நெடுஞ்சாலைத் துறை காய் ஏலம் விடும். சாலையை அகலப்படுத்தியபோது அவை போயின. இப்போது நடுவே தடுப்புச் சுவர்களுக்கிடையில் அரளி. வெள்ளை, சிவப்பு, ரோஸ் என்று வரிசையாக, கிலோமீட்டர் கணக்கில். தண்ணீர் அதிகம் கேட்காது, ஆடு மாடு கடிக்காது, ஆண்டு முழுக்கப் பூக்கும். கிரும்பீகல் பலவகை மரங்களை ஆராய்ந்து கணக்குப் போட்டு நிறைவேற்றிய கனவை நெடுஞ்சாலைக்காரர்கள் ஒரே செடியை வைத்து முடித்துவிட்டார்கள். சூளகிரிக்கு இந்தப் பக்கம் ஓரிடத்தில் டயர் வெடித்து பஸ் நின்றது. எல்லோரும் இறங்கினோம். மாலை வெயிலுக்கு இன்னும் காரம் குறையவில்லை. பூத்துக் குலுங்கும் அரளி ஒரு பக்கம், இரும்புத் தடுப்பும் முட்செடியும் மறுபக்கம். கைக்குழந்தைக்காரி ஒருத்தி முந்தானையை இழுத்துக் குழந்தையின் தலையில் போட்டுக்கொண்டு சுற்றுமுற்றும் பார்த்தாள். ஜாக்கியை எடுத்துக்கொண்டு வந்த கண்டக்டர் சத்தம்போட்டார்:

“எல்லாரும் வண்டிக்கு அந்தாண்டப் பக்கம் போய் நில்லுங்க. அங்கதான் நெழலு.”